பிள்ளைக்கு நம் பின் நம்பர் தெரிந்துவிட்டது: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது?

ஈரோட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்ற வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வருகிறவர்கள், "ஏனுங்க, பையன் கேம்ல காசை விட்டுட்டானுங்க, அந்தக் கேமை அழிச்சு உட்டுருங்க" என்று போனை நீட்டும் அப்பா அம்மாக்கள்தான். என் வீட்டிலும் இது நடந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், அவள் அம்மா போனிலிருந்து மூன்று வாரத்தில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்திருந்தாள். எண்பது, எண்பது, நூற்றறுபது என்று சின்னச் சின்னத் தொகையாகப் போனதால் நாங்கள் கவனிக்கவே இல்லை.

கேமை அழிப்பது, பாஸ்வேர்டை மாற்றுவது இரண்டும்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. கேமை முதலில் அழித்தால் போன பணத்தைக் கேட்பது கஷ்டமாகிறது. பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் ஒரே வாரத்தில் அதுவும் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பணம் போன போன், பிள்ளை தொடும் மற்ற போன்களும் டேப்லெட்டும், உங்கள் டெபிட் கார்டு, பாஸ்புக் அல்லது வங்கியின் ஆப், ஒரு நோட்டு, பேனா. அப்புறம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஒன்றரை மணி நேரம். இந்த நேரம்தான் முக்கியம். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவனிடமே "இது எங்கடா இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு மாற்றியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அப்படி மாற்றினால் எல்லாமே அவனுக்குத் தெரிந்துதான் மாறும்.

செட்டிங்ஸில் வரும் இங்கிலீஷ் புரியவில்லை என்றால் முதலில் போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜிபே, போன்பே இரண்டிலும் தமிழ் இருக்கிறது. நம் வீடுகளில் கரண்ட் பில், கேஸ் புக்கிங், ரீசார்ஜ் எல்லாவற்றையும் பிள்ளையே செய்துதருகிறது. பாதி வீடுகளில் பின் நம்பர் பிள்ளைக்குத் தெரிந்தது இப்படித்தான். யாரும் திருடவில்லை, நாமே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

1. முதலில் எதையும் அழிக்காதீர்கள்

போனை வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இன்று முழுக்க அது பிள்ளை கைக்குப் போகக் கூடாது. அது போதும், அவசரத்தில் வேறெதையும் தொட வேண்டாம்.

கேமை நீக்காதீர்கள். உள்ளே பிள்ளையின் பிளேயர் ஐடி இருக்கிறது. கேம் கம்பெனியிடம் பணம் கேட்கும்போது முதல் கேள்வியே அந்த எண்தான். அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேமை நீக்கினாலும் மாதச் சந்தா நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சந்தா இருப்பது பிளே ஸ்டோர் கணக்கில், கேமில் இல்லை.

எஸ்எம்எஸ்களையும் மெயில்களையும் அழிக்காதீர்கள். பிளே ஸ்டோரில் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஜிபிஏ (GPA) என்று தொடங்கும் ஆர்டர் எண்ணோடு ஜிமெயிலுக்கு ரசீது வந்திருக்கும். இன்பாக்ஸில் காணவில்லை என்றால் டிராஷ் பெட்டியில் பாருங்கள். விவரமான பிள்ளைகள் அழித்துவிடுகிறார்கள். டிராஷில் 30 நாள் வரைதான் இருக்கும்.

2. பணம் எந்த வழியில் போனது என்று பிரியுங்கள்

இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வழி தெரியாமல் எந்தப் பூட்டும் போட முடியாது. கடைசி மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, உங்களுக்குத் தெரியாத ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், தொகை, யாருக்கு. நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் முக்கால்வாசி, இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் இருந்தது. என் மனைவி போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் நேரம் அது.

பொதுவாக ஐந்து வழிகள்.

முதல் வழி பிளே ஸ்டோர். ஸ்டேட்மென்ட்டில் கூகுள் பிளே என்று பெயர் வரும். கேமுக்குள்ளேயே டைமண்ட், யூசி, ராபக்ஸ் என்னும் கேம் காசை வாங்கினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

இரண்டாவது, டாப்-அப் வெப்சைட்டுகளுக்கு, அதாவது கேம் காசை ஏற்றித்தரும் வெப்சைட்டுகளுக்கு, நேராக யூபிஐ. இதில் பிளே ஸ்டோருக்குச் சம்பந்தமே இல்லை. பிளே ஸ்டோரில் எத்தனை பூட்டுப் போட்டாலும் இது நிற்காது.

மூன்றாவது, ஒரு ஆளின் பெயருக்கு யூபிஐ. தெருவில் பெரிய பையன் ஒருவன் காசை வாங்கிக்கொண்டு டாப்-அப் போட்டுக் கொடுப்பான். அல்லது இன்ஸ்டாகிராமில் பழக்கமான யாரோ. இந்த வரிகளைத் தனியாக வட்டம் போட்டு வையுங்கள். அடுத்த படியில் கேட்க வேண்டும்.

நான்காவது ஆட்டோபே. ஒருமுறை பின் போட்டு அனுமதி கொடுத்துவிட்டால் மாதாமாதம் தானாகக் கழியும். 15,000 ரூபாய் வரை உள்ள தொடர் கட்டணங்களுக்கு ஒவ்வொரு முறையும் பின் கேட்காது. 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு மட்டும் வரும். அதை நாம் விளம்பரம் என்று தள்ளிவிட்டிருப்போம்.

ஐந்தாவது யூபிஐ லைட். இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். லைட்டில் ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமலே கட்டலாம். மொத்தம் 5,000 வரை அதில் போட்டு வைக்கலாம். பாஸ்புக்கில் லைட்டுக்குப் பணம் ஏற்றிய ஒரே ஒரு வரிதான் இருக்கும். அதிலிருந்து எங்கே போனது என்பதை யூபிஐ ஆப்புக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். "எம் பையனுக்குப் பின்னே தெரியாதுங்க" என்று சத்தியம் செய்த ஒருவரின் போனில் போனது முழுக்க லைட்டில்தான்.

3. பிள்ளையிடம் பேசுங்கள், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு

கணக்கு எழுதிய பிறகுதான் பேச வேண்டும். கணக்கு இல்லாமல் பேசினால் பிள்ளை இரண்டு தடவை என்று சொல்லும், நீங்கள் இருபது தடவை என்பீர்கள், பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

அடிக்காதீர்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு, நடைமுறைக் காரணமும் உண்டு: கேம் ஐடி, டாப்-அப் போட்டுக்கொடுத்தவன் யார், வேறு எந்தப் போனில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது, இதெல்லாம் பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள். அடி வாங்கிய பிள்ளை எதையும் சொல்லாது. என் மகளிடம் நான் முதலில் கத்தினேன். அவள் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை டீ குடிக்கும்போது நோட்டைப் பக்கத்தில் வைத்து, "இதுல எது எது நீ வாங்குனதும்மா? டிக் அடி" என்றேன். அவளாகவே பேனாவை வாங்கி அடித்தாள். நான் வேறு ஏதோ என்று விட்டுவிட்ட நான்கு வரிகளையும் சேர்த்து அடித்தாள்.

கேட்க வேண்டியவை மூன்று. பின் எப்படித் தெரிந்தது? வேறு எங்கே உபயோகித்தாய்? ஆள் பெயருக்குப் போன பணம் யாருக்கு, எதற்கு? மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை மிரண்டால் நிதானமாகுங்கள். யாராவது மிரட்டிப் பணம் வாங்கியிருக்கலாம், படம் அனுப்பச் சொல்லியிருக்கலாம். அப்படி என்றால் இனி இது கேம் பிரச்சினை இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, சைபர் குற்றத்துக்கு 1930. சாட்டுகளை அழிக்காமல் வைத்து உடனே கூப்பிடுங்கள்.

4. போன பணத்தைக் கேளுங்கள்

பிளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே ரீஃபண்ட் கேட்கலாம். வீட்டில் இன்னொருவர் தவறுதலாக வாங்கியது என்று காரணம் சொல்லக் கூகுளிலேயே இடம் இருக்கிறது. பதில் சில நிமிடத்தில் வரலாம், நான்கு நாள் வரையும் ஆகலாம். 48 மணி நேரம் தாண்டிவிட்டால் கேம் கம்பெனிக்கு எழுத வேண்டும்: ஆர்டர் எண், பிளேயர் ஐடி, தேதி, பிள்ளையின் வயது, இவ்வளவும் ஒரே கடிதத்தில். ஐபோன் என்றால் ஆப்பிளின் 'ரிப்போர்ட் எ பிராப்ளம்' பக்கத்தில் ஆப்பிள் ஐடியோடு நுழைந்து ஒவ்வொரு வாங்கலுக்கும் கேட்க வேண்டும். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் முடிவு. வாங்கிய டைமண்டைச் செலவழித்திருந்தாலும் கேளுங்கள்; கேட்பதில் நட்டம் இல்லை. பணம் திரும்பினால் பொருள் பறிபோகும், கேம் கணக்கே முடங்கலாம் என்பதைப் பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இங்கே பெரிய தவறு ஒன்று நடக்கிறது. பிள்ளை செய்தது என்று தெரிந்தும், "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று வங்கியில் புகார் எழுதுகிறார்கள். வேண்டாம். பரிவர்த்தனை உங்கள் போனிலிருந்து உங்கள் பின் போட்டு நடந்திருப்பது வங்கிக்குத் தெரியும். 2017-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ரகசிய எண் வெளியே போயிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் வரை போன பணம் வாடிக்கையாளர் பொறுப்பு. உண்மையைச் சொல்லிக் கேம் கம்பெனியிடம் கேட்பதில்தான் பணம் திரும்ப வாய்ப்பு உண்டு.

ஆனால் 'இலவச டைமண்ட்' என்று வந்த லிங்க்கை அழுத்தி, ஓடிபி கொடுத்துப் பணம் போயிருந்தால் அது மோசடி. அதற்கு 1930-தான், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்குப் போயிருந்தாலும் புகார் கொடுங்கள். அப்படிப்பட்ட விளையாட்டுகளை நடத்துவதையே 2025-ல் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது.

5. பணம் போகும் வழிகளை அடைத்துவிடுங்கள்

பாஸ்வேர்டுக்கு இன்னும் வரவில்லை. வாசலை அடைத்த பிறகுதான் சாவி மாற்ற வேண்டும். ஆட்டோபேயும் லைட்டும் பின் மாற்றினாலும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய், தேவையில்லாத அனுமதிகளை ரத்து செய்யுங்கள். வீட்டில் ஜிபேயும் போன்பேயும் இருந்தால் இரண்டிலும் தனித்தனியே பாருங்கள். ஆப்பை நீக்கிவிட்டால் ஆட்டோபேயும் போய்விடும் என்று நினைக்கிறார்கள், போகாது. பிளே ஸ்டோரில் 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போய்ச் சந்தாக்களை நிறுத்துங்கள்.

அடுத்தது யூபிஐ லைட். அந்தப் போன் பிள்ளை கைக்குப் போகும் போன் என்றால் லைட்டை மூடிவிடுங்கள். மீதிப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பும். டீக்கடையில் பின் தட்டுவது ஐந்து விநாடி வேலை. அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிளே ஸ்டோரில் சேமித்து வைத்த கார்டு, யூபிஐ எல்லாவற்றையும் நீக்குங்கள். நீக்கும் முன் ஆர்டர் எண்கள் நோட்டில் ஏறிவிட்டனவா என்று ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக வங்கி ஆப்பில் கார்டு பகுதி. ஆன்லைன், வெளிநாடு, கடை மெஷினில் கார்டைத் தட்டிக் கட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்சும் வரம்பும் இருக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள். வெளிநாட்டு வெப்சைட்டுகள் பல, கார்டு நம்பர், தேதி, பின்னால் உள்ள மூன்று இலக்கம் இருந்தால் ஓடிபி கேட்காமலே பணம் எடுத்துவிடும். கார்டை ஒரு போட்டோ எடுத்தால் பிள்ளைக்கு இந்த மூன்றும் கிடைத்துவிடும். தட்டிக் கட்டுவதிலும் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. தேவையில்லை என்றால் அதையும் அணையுங்கள்.

6. போனின் பூட்டை மாற்றுங்கள், கைரேகைகளையும் பாருங்கள்

பின் மாற்றும் முன் போன் லாக். காரணம், போன் லாக் தெரிந்தால் கூகுளில் சேமித்து வைத்த எல்லாப் பாஸ்வேர்டுகளையும் திறந்து பார்த்துவிடலாம். புதிதாக எதை வைத்தாலும் பழைய பூட்டுக்குள் வைத்தால் பயனில்லை.

பேட்டர்ன் வைக்காதீர்கள். கடைக்கு வரும் போன்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், விரல் போன தடம் கண்ணாடியில் எண்ணெய்க்கோடாக அப்படியே தெரியும். பிள்ளைகளுக்கு இது தெரியும். ஆறு இலக்க எண் வையுங்கள். பிள்ளை பிறந்த வருடம், கல்யாண நாள், வண்டி நம்பர், வீட்டுக் கதவு எண் எதுவும் வேண்டாம்; இவையெல்லாம் பிள்ளைக்கு மனப்பாடம். பிள்ளை பிறப்பதற்கு முன் உங்கள் வாழ்க்கையில் இருந்த எண்களில் தேடுங்கள். நான் காலேஜுக்குப் போன பஸ் நம்பரையும் ஹாஸ்டல் அறை எண்ணையும் சேர்த்து ஒன்று வைத்திருந்தேன். இப்போது அது இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

செட்டிங்ஸில் கைரேகைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். மூன்று நான்கு ரேகை இருந்தால் அதில் ஒன்று பிள்ளையுடையதாக இருக்கலாம். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு உங்களுடையதை மட்டும் புதிதாகப் பதியுங்கள். கைரேகையாலும் முகத்தாலும் யூபிஐ கட்டும் வசதி 2025 அக்டோபரில் வந்துவிட்டது. பிள்ளை தொடும் போனில் அதை அணைத்து வைப்பதே நல்லது. தூங்கும் அப்பாவின் விரலை எடுத்துப் போனில் வைத்துத் திறந்த பிள்ளைகளைப் பற்றி அந்த அப்பாக்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பூட்டிய திரையில் எஸ்எம்எஸ்ஸின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போனைத் திறக்காமலே ஓடிபியைப் படிக்கலாம்.

7. இப்போதுதான் பாஸ்வேர்டும் பின்னும்

முதலில் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு. மாற்றியதும் அதே கணக்கில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலைப் பாருங்கள். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக அம்மா கணக்கைப் போட்டுக் கொடுத்த பழைய போன், டேப்லெட் எல்லாம் அங்கே இன்னும் இருக்கும். ஒவ்வொன்றையும் வெளியேற்றுங்கள்.

அடுத்து யூபிஐ பின். இது ஆப்புக்கு உரியது இல்லை, வங்கிக் கணக்குக்கு உரியது. ஒரே கணக்கு என்றால் ஜிபேயில் மாற்றினால் போன்பேயிலும் மாறிவிடும். இரண்டு வங்கிக் கணக்கு என்றால் இரண்டு பின். ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றை மறப்பவர்கள் அதிகம்.

இப்போது சொல்லப் போவதைக் கவனமாகப் படியுங்கள். பின் மறந்துவிட்டது என்று கொடுத்தால், டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கம், காலாவதி தேதி, போனுக்கு வரும் ஓடிபி, இவற்றைக் கேட்டுப் புதுப் பின் வைக்க விட்டுவிடும். சில வங்கிகள் மட்டும் ஏடிஎம் பின்னையும் சேர்த்துக் கேட்கும். ஆதார் வழி என்றால் ஆதார் எண்ணின் முதல் 6 இலக்கமும் ஓடிபியும். அதாவது, திறந்த போனும் பீரோவில் இருக்கும் கார்டும் ஒரு பிள்ளையிடம் பத்து நிமிடம் இருந்தால், பழைய பின் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அதனால் கார்டைப் போனின் பின் கவருக்குள் வைக்காதீர்கள். கடைக்கு வரும் போன்களில் கவரைக் கழற்றினால் பாதியில் கார்டு விழுகிறது. கார்டையும் ஆதாரையும் போனையும் மூன்று வெவ்வேறு இடத்தில் வையுங்கள்.

ஏடிஎம் பின்னை 'ஏடிஎம்' என்ற பெயரில் காண்டாக்ட்டில் சேமித்திருந்தால் அழியுங்கள். மறந்துவிடும் என்ற பயம் இருந்தால் நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள்.

இதெல்லாம் முடித்த பிறகும் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. ஒரு அக்கா வந்திருந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து லாக், பின், கைரேகை எல்லாம் மாற்றிக் கொடுத்தேன். டெம்பர் கிளாஸும் ஒன்று ஒட்டிக்கொண்டார். அதற்குள் டியூஷன் முடிந்து பையன் வந்துவிட்டான். போனை அவனிடம் நீட்டி, "கண்ணு, அண்ணனுக்கு நூத்தம்பது அனுப்பி உடு, நம்பரு…" என்று புது நம்பரைச் சொல்லத் தொடங்கினார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் தப்பு ஒன்றும் செய்யவில்லை. கை அந்தப் பழக்கத்துக்குப் போய்விட்டது. ஆகையால் வீட்டில் இப்படி ஒரு முறை வையுங்கள்: க்யூஆர் ஸ்கேன் செய்வது, தொகை அடிப்பது வரை பிள்ளை செய்யலாம். பின் மட்டும் நீங்கள், போனை உங்கள் பக்கம் திருப்பி. அடுப்பில் கை இருந்தால் கைகழுவிவிட்டு வாருங்கள். "ஓடிபி என்ன வந்திருக்கு, படி" என்று பிள்ளையைக் கேட்பதையும் நிறுத்துங்கள்.

8. பிளே ஸ்டோரில் பூட்டு

பிளே ஸ்டோர், மேலே உங்கள் படம், செட்டிங்ஸ், 'பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்'. அதில் ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் பாஸ்வேர்டு போட்டு ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகு அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும். அந்த அரை மணி நேரத்தில்தான் பிள்ளை கையில் போன் இருக்கும். கைரேகையால் உறுதி செய்வதையும் இங்கே அணைத்துவிட்டால் கூகுள் பாஸ்வேர்டையே கேட்கும்.

இந்த அமைப்பு ஒரு போனுக்கு மட்டும்தான். அதே கணக்கு டேப்லெட்டில் இருந்தால் அங்கேயும் தனியாகச் செய்ய வேண்டும்.

பிளே ஸ்டோரில் மாத பட்ஜெட் வைக்கும் வசதியை நம்பி ஏமாறாதீர்கள். அது நினைவூட்டும், தடுக்காது.

ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் கட்டுப்பாடுகள் பகுதியில் இன்-ஆப் பர்ச்சேஸை அனுமதிக்க வேண்டாம் என்று வைக்கலாம். ஸ்கிரீன் டைம் பாஸ்கோடு போன் லாக்கிலிருந்து வேறாக இருக்கட்டும்.

9. பிள்ளைக்குத் தனிக் கணக்கு

உங்கள் கணக்கில் பிள்ளை விளையாடும் வரை, மேலே போட்ட பூட்டுகளைப் பிள்ளை தினமும் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். தனிப் போனோ பழைய போனோ இருந்தால் ஃபேமிலி லிங்க் (பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தக் கூகுள் தரும் ஆப்) வழியாகப் பிள்ளைக்கு ஒரு கூகுள் கணக்கு தொடங்குங்கள். உண்மையான பிறந்த தேதியைப் போடுங்கள். வயதைக் கூட்டிப் போட்டால் கட்டுப்பாடுகள் வராது. அதில் வாங்குவதற்கு அனுமதி என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி வையுங்கள். அந்தப் போனில் உங்கள் சிம் வேண்டாம், யூபிஐ ஆப் வேண்டாம். வைஃபை போதும்.

ஃபேமிலி லிங்க்கின் அனுமதி, பிளே ஸ்டோர் வழியாக வாங்குவதற்கு மட்டும்தான். இரண்டாவது படியில் சொன்ன டாப்-அப் வெப்சைட்டை அது பிடிக்காது. சிம்மும் யூபிஐயும் வேண்டாம் என்றது அதற்காகத்தான்.

ஒரே போன்தான் வீட்டில் என்றால், கொடுக்கும்போது ஆப் பின்னிங் போட்டுக் கொடுங்கள். திறந்த ஒரு ஆப்பை விட்டு வெளியே வர லாக் கேட்கும்படி வைக்கலாம். ஐபோனில் இதற்குக் கைடட் ஆக்சஸ் என்று பெயர்.

10. செலவு செய்ய நேரான ஒரு வழி கொடுங்கள்

முழுக்க அடைத்தால் அடுத்த வழியைத் தேடத்தான் செய்யும். நான் கண்டவரை, மாதம் ஒரு சின்னத் தொகையாவது நேராகக் கிடைக்கும் வீடுகளில் இரண்டாவது முறை இது நடப்பது குறைவு.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் கூகுள் பிளே ரீசார்ஜ் கோடு. நூறு ரூபாய்க்கு வாங்கிப் பிள்ளை கணக்கில் ஏற்றினால் நூறோடு நின்றுவிடும். அந்தக் கணக்கில் வேறு கார்டோ யூபிஐயோ இருக்கக் கூடாது. என்ன வாங்குவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அந்த நூறை முதல் நாளே தீர்த்துவிட்டு மீதி 29 நாள் சும்மா இருந்த மாதம்தான் என் மகளுக்கு ஒழுங்காகக் கணக்குப் பார்க்கப் பழக்கியது. நடுவில் நான் பத்து ரூபாய்கூடத் தரவில்லை. அது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் யூபிஐ சர்க்கிள், அதாவது உங்கள் கணக்கிலிருந்து பிள்ளை தன் போனில் கட்டும் வசதி (இதற்கு மட்டும் பிள்ளை போனில் யூபிஐ ஆப் வேண்டும்). 2024-ல் வந்தது. இரண்டு வகை உண்டு. ஒன்றில் மாத வரம்பு வைத்துவிட்டால் (அதிகபட்சம் 15,000, ஒரு முறைக்கு 5,000) பிள்ளை தானே கட்டலாம். இன்னொன்றில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் உங்கள் போனுக்குக் கேள்வி வரும். நீங்கள் உங்கள் போனில் பின் போட்டால்தான் போகும். தொடங்கும்போது இரண்டாவது வகையே சரி. உங்கள் பின்னைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய காரணமே இதில் இல்லை.

பத்து வயது தாண்டிய பிள்ளைகள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வரம்பும் வசதியும் வங்கிக்கு வங்கி மாறும். கிளையில் கேட்டு, குறைந்த வரம்போடு தொடங்குங்கள்.

11. மாதம் ஒரு நாள் பார்வை

ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பால் கணக்கு முடிக்கும் நாள். நான்கு இடங்களை மட்டும் பாருங்கள்: ஸ்டேட்மென்ட், ஆட்டோபே பட்டியல், கைரேகைப் பட்டியல், கூகுள் கணக்கில் உள்ள கருவிகள். பத்து நிமிடம் போதும். வங்கி அறிவிப்புகளை எஸ்எம்எஸ்ஸோடு மெயிலுக்கும் வரும்படி பதிந்து, அந்த மெயிலைப் பிள்ளை தொடாத போனில் வையுங்கள். எஸ்எம்எஸ்ஸை அழித்தாலும் மெயில் இருக்கும்.

இதைப் பிள்ளைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்டேட்மென்ட்டை அவர்களையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். போன மாதம் என் மகள் படிக்கும்போது ஒரு வரியில் நின்று, "அப்பா, இந்த 299 என்னது?" என்றாள். என் பெயரில் நானே மறந்துபோன ஒரு சந்தா. அங்கேயே உட்கார்ந்து அதை ரத்து செய்தோம்.